முப்பது கிலோமீட்டரும் ஒரு துடைப்பமும்

கடிதத்தை ஹில்லா இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்கத் தேவையில்லை. விஷயம் ஒரே வரிதான்.

'நவம்பர் இருபத்தெட்டாம் தேதி காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை, நீங்கள் குறிப்பிட்டிருந்த முகவரியில் நீங்கள் இல்லை.'

"இல்லையா?" என்று கடிதத்தையே கேட்டாள். "அந்த ஒரு மணி நேரமும் இதே நாற்காலியிலதானே உட்கார்ந்திருந்தேன்!"

எதிரே அப்பா எய்னோ மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. தலை நிமிரவில்லை.

ஹில்லா யுந்துனென் பதினோரு வருஷமாகப் பின்லாந்துக்காகப் பனிச்சறுக்கு ஓடுகிறவள். நெடுந்தூர ஓட்டக்காரி. வயது முப்பத்து நான்கு. இந்தப் பதினோரு வருஷத்தில் ஊக்கமருந்துச் சோதனைக்காக நூற்று நாற்பத்து மூன்று முறை, முன்பின் தெரியாத பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, சின்னக் குப்பியில் சிறுநீர் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். நூற்று நாற்பத்து மூன்றும் சுத்தம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கூச்சம் வந்ததே கிடையாது. பதக்கத்தைக் காட்டுகிற மாதிரிதான் சொல்வாள்.

ஆனால் சோதனை என்பது குப்பியோடு முடிவதில்லை. தினமும் ஒரு மணி நேரம், ஓர் இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வருவார். அப்போது அங்கே இல்லாவிட்டால் ஒரு புள்ளி. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று புள்ளி விழுந்தால் முடிந்தது கதை. மருந்து சாப்பிட்டவர்களுக்கு என்ன தண்டனையோ அதேதான்: இரண்டு வருஷத் தடை.

முதல் புள்ளி, மூனிக்கில் விமானம் ரத்தான அன்று. இரண்டாவது, பயிற்சி முகாமில் அறை மாறியதைப் பதிய மறந்ததால். இரண்டும் தன் தப்பு என்று ஒப்புக்கொண்டவள்தான்.

இது மூன்றாவது. இது அவள் தப்பு இல்லை. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்ல அவளால் முடியும். நிரூபிக்கத்தான் முடியாது.

"அப்பா, நீங்க அன்னிக்கு ஏரிக்குப் போனீங்களே, வழியில யாரையாவது பார்த்தீங்களா?"

"பார்க்கல" என்றார் எய்னோ. மீனைத் தட்டோடு அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். பாதி முள் எடுத்த மீனை விட்டுவிட்டு எழுகிற மனிதரில்லை அவர்.

*

ஹெல்சின்கியிலிருந்து வழக்கறிஞர் ரெபெக்கா தொலைபேசியில் வந்தாள். பனிச்சறுக்குச் சங்கம் ஏற்பாடு செய்த ஆள். கெட்டிக்காரி, வேகமாகப் பேசுகிறவள்.

"ஹில்லா, சோதனைக்காரரோட அறிக்கை எங்கிட்ட இருக்கு. மூணு தடவை கதவைத் தட்டினேன், பதில் இல்லை, வெளிச்சம் இல்லை, பனியில ஒரே ஒரு காலடித் தடம் ஏரிப் பக்கம் போகுதுன்னு எழுதியிருக்கார்."

"தட்டவே இல்ல. நான் பின்பக்கச் சமையலறையில காபியோட முழிச்சு உட்கார்ந்திருந்தேன். ஆள் வந்தாலும் வருவாங்கன்னு காலையில கழிப்பறைக்குக்கூடப் போகல. ஏழு அடிக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு."

ரெபெக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நான் நம்பறேன். விசாரணைக் குழு நம்பணுமே? அவர் இருபத்தாறு வருஷம் எல்லைக் காவல்ல இருந்தவர். பேரு யல்மரி தொலோனென். அவர் மேல ஒரு புகார் கிடையாது. இதோ பாரு, ஒரு வழி இருக்கு. கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டா ஒரு வருஷத்தோட முடிச்சுக்கலாம்."

"ஒரு வருஷம்னா?"

"மார்ச் மாசம் உங்க ஊர்க் குன்றுல நடக்கிற தேசியப் போட்டி போகும். அடுத்த குளிர்காலத்துல பாதி போகும்."

"அப்புறம் எனக்கு முப்பத்தஞ்சு வயசு. திரும்பி வந்து யாரோட ஓடி ஜெயிக்க? வயசுகூட விஷயமில்ல ரெபெக்கா. ஒத்துக்கிட்டேன்னா நான் அன்னிக்கு வீட்டுல இல்லைன்னு ஆயிடும். நான் இருந்தேன். இருந்தவளை இல்லைன்னு எழுதி என்னையே கையெழுத்துப் போடச் சொல்றீங்க."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு."

*

ஹொங்கவாரா சின்ன ஊர். ஊருக்கு ஒரு பெட்ரோல் பங்க், அதற்குள்ளேயே காபிக் கடை. செய்தி பத்திரிகையில் வந்த மறுநாள் ஹில்லா அங்கே போனாள். நான்கு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்ததும் நான்கு பேரும் ஒரே நேரத்தில் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

கடை சைமியுடையது. ஹில்லா பல் முளைக்காத காலத்திலிருந்து அவளைப் பார்க்கிறவள். வழக்கமாக, "ஏண்டி, இன்னிக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்றைக்கு, "காபியா?" என்றாள். அவ்வளவுதான்.

ஊரைக் குற்றம் சொல்லவும் முடியாது. முன்னே ஒரு காலத்தில், தாங்கள் கொண்டாடிய வீரர்கள் ஒவ்வொருவராக ஊக்கமருந்தில் மாட்டியதைத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே பார்த்தவர்கள் இவர்கள். சூடு கண்ட பூனைகள்.

தடை வருமோ வராதோ, அதை ஹெல்சின்கி பார்த்துக்கொள்ளும். இந்த மௌனத்தை யார் பார்த்துக்கொள்வது? அதுதான் ஹில்லாவுக்கு நெஞ்சில் உறுத்தியது.

*

சனிக்கிழமை சாயங்காலம் ஸௌனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பை மூட்ட விறகு கொண்டுபோனாள். அப்பா அவளுக்கு முன்னால் போயிருந்தார். அடுப்பு முன்னால் குந்தி, வாசல் துடைப்பத்தை, போன இலையுதிர் காலத்தில்தான் கட்டிய புத்தம் புது பர்ச் மர மிலாறுத் துடைப்பத்தை, முறித்து முறித்து நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா! நல்ல துடைப்பத்தை எதுக்கு எரிக்கறீங்க?"

இன்னொரு முறி.

"அப்பா, உங்களைத்தான்."

"நான்தான் உன்னை வீட்டுல இல்லாம ஆக்கினேன்" என்றார் எய்னோ.

ஹில்லாவுக்குப் புரியவில்லை. அவர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது, மேட்டில் ஏறுகிற ஆள் மாதிரி.

"உங்கம்மா போய் ஆறு வருஷமாச்சு. தினம் விடிகாலை அஞ்சரைக்கு வலை பார்க்க ஏரிக்குப் போவேன். போகும்போது துடைப்பத்தைக் கதவுல சாத்திட்டுப் போவேன். அன்னிக்கும் சாத்திட்டுப் போயிட்டேன். நீ முந்தின ராத்திரி வந்து மாடியில தூங்கறது கைக்கு ஞாபகம் இல்ல. கை தன் வழக்கப்படி செஞ்சுடுச்சு."

ஹில்லா விறகைக் கீழே போட்டாள்.

ஹொங்கவாரா இருக்கிற கைனு நாட்டுப்புறத்தில் கதவைப் பூட்டுகிறவர் கிடையாது. கதவில் துடைப்பம் சாய்ந்திருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். பூட்டைவிட அதற்கு மரியாதை அதிகம். துடைப்பத்தைப் பார்த்துவிட்டு வாசலேறிக் கதவைத் தட்டுகிறவனை ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும்.

"திரும்பி வரும்போது தடம் பார்த்தேன்" என்றார் எய்னோ. "ரோட்டுல இருந்து ஒரு பூட்ஸ் தடம் வருது. வாசப்படிக்கு அஞ்சடி முன்னால நின்னுருக்கு. அப்படியே திரும்பிப் போயிருக்கு. யாரோ என்னைத் தேடி வந்தவன், துடைப்பத்தைப் பார்த்துட்டுப் போயிருக்கான், மரியாதை தெரிஞ்சவன்னு நினைச்சேன். மனசுல அவனைப் பாராட்டினேன்!"

"அப்போ அவர் தட்டல."

"வாசப்படியே ஏறல."

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ஹெல்சின்கிக்காரன்கிட்ட துடைப்பத்தைப் பத்தியா? உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. ஏற்கெனவே உன் பேரு பத்திரிகையில. இதுல கோமாளிப் பட்டமும் நான் வாங்கித் தரணுமா?"

அடுப்பில் கடைசிக் குச்சி பற்றி எரிந்தது. ஹில்லா அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, எரிச்சதே எரிச்சீங்க, சாட்சியையும் சேர்த்து எரிச்சிட்டீங்களே" என்றாள்.

எய்னோ திடுக்கிட்டுத் திரும்பினார். மகள் சிரிப்பதைப் பார்த்ததும் அவர் முகத்திலும் ஏதோ அசைந்தது. அந்த வாரத்தில் முதல் தடவையாக.

"வாங்க, ஹெல்சின்கிக்குப் போகலாம். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."

*

சிரிக்கத்தான் சிரித்தார்கள்.

ஜனவரியில் விசாரணை. நீளமான மேஜை, மூன்று பேர் குழு. நடுவில் தலைவி, ஓய்வு பெற்ற நீதிபதி, வெள்ளை முடி. எய்னோ கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில் வந்து, நின்றபடியே ஏழு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். குழுவில் ஓரத்தில் இருந்த இளைஞர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"துடைப்பமா?" என்றார் தலைவி.

"துடைப்பம்தாங்க."

"அந்தத் துடைப்பம் இப்ப எங்கே?"

"எரிச்சுட்டேன்."

இளைஞரால் தாங்க முடியவில்லை. தண்ணீர் குடிப்பதுபோல் குனிந்துகொண்டார். ரெபெக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"திரு. யுந்துனென், நீங்கள் வீராங்கனையின் அப்பா. அந்தத் தடத்தை உங்களைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. எதிரே இருப்பது கையெழுத்துப் போட்ட அறிக்கை. அதில் மூன்று முறை தட்டியதாக இருக்கிறது. நாங்கள் எதை எடுத்துக்கொள்வது?"

எய்னோ தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

மேஜையின் மறுபக்கத்தில் தொலோனென் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது, குட்டையாக வெட்டிய தலை, சட்டைப் பொத்தான் கழுத்து வரை. காலையிலிருந்து கேட்டதற்கெல்லாம் 'அறிக்கையில் இருக்கிறபடி' என்று மட்டும் சொல்லியிருந்தார். எய்னோ பேசியபோது ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு கேள்வி நானே கேட்கலாமா?" என்றாள் ஹில்லா.

ரெபெக்கா அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். தலைவி, "கேளுங்கள்" என்றார்.

ஹில்லா எழுந்தாள். நாள் முழுக்க மனசுக்குள் சண்டை போட்டுப் பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"தொலோனென், நீங்க எந்த ஊரு?"

"கோர்பிலா."

"எங்க ஊருக்கு அடுத்த ஊரு. நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லல. ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். கோர்பிலாவுல துடைப்பம் சாத்தின கதவை நீங்க தட்டுவீங்களா?"

அறை அமைதியானது. கைனுக்காரர்களின் அமைதிக்கு நீளம் அதிகம். ஹெல்சின்கிக்காரர்கள் நெளிந்தார்கள். இளைஞர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவி கையமர்த்தினார்.

தொலோனென் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேல் பொத்தானைக் கழற்றினார்.

"தட்ட மாட்டேன்" என்றார்.

"அன்னிக்கு?"

"தட்டல."

ரெபெக்காவின் பேனா கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"துடைப்பம் சாத்தின கதவைத் தட்டுறவன் ஒண்ணு திருடன், இல்லேன்னா வரி வசூல்காரன். எங்கம்மா அப்படித்தான் சொல்லுவா. அஞ்சடி முன்னால நின்னேன். துடைப்பம் இருந்துச்சு. ஏரிப் பக்கம் தடம் போச்சு. திரும்பி ரோட்டுக்கு வந்து ஏழு மணி வரைக்கும் காருக்குப் பக்கத்துல நின்னேன். மைனஸ் பதினெட்டு. நேரத்தை நான் ஏமாத்தல. கதவைத்தான்…"

"ஆனால் தட்டியதாக எழுதியிருக்கிறீர்களே?" என்றார் தலைவி. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"கையில கொடுத்திருக்கிற கருவியில அந்தக் கட்டத்துல குறி போட்டாத்தான் அடுத்த பக்கம் வரும். ஆள் இல்லாத வீட்டுல தட்டினா என்ன, தட்டாட்டி என்னன்னு போட்டுட்டேன். துடைப்பத்துக்குன்னு அதுல ஒரு கட்டம் இல்லீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அது பொய்தான். இருபத்தாறு வருஷம் எல்லையில நின்னவன். இந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள உட்கார்ந்திருந்திருக்கு. அந்தத் தடத்தை அவங்கப்பா அப்படியே சொல்றாரு. அஞ்சடி. சரியா அஞ்சடிதான்."

எய்னோ முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

குழு வெளியே போய் இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தது. மூன்றாவது புள்ளி செல்லாது. தடை இல்லை.

தாழ்வாரத்தில் தொலோனென் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். காலையில் கழுத்தில் தொங்கிய சோதனைக்காரர் அடையாள அட்டை இப்போது இல்லை. ஹில்லா நேராக அவரிடம் போனாள்.

"ரொம்ப…"

"நன்றி சொல்லாதம்மா. நான் உன்னைக் காப்பாத்தல. என் பொய்யை நான் திரும்ப வாங்கிக்கிட்டேன்." கையுறையை மாட்டினார். "மார்ச்சுல எத்தனை கிலோமீட்டர்?"

"முப்பது."

"ம்" என்றார். எய்னோவுக்கு ஒரு தலையசைப்பு. போய்விட்டார்.

*

கைனுவில் யாரும் கட்டிப்பிடித்து வாழ்த்துவதில்லை. ஹில்லா ஊர் திரும்பியதும் சைமி, "கேள்விப்பட்டேன்" என்றாள். காபியை ஊற்றினாள். அது நம்பிக்கையா, மரியாதைக்கா? ஹில்லாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

காதில் விழுந்தது வேறொன்று. பங்குக்கு வெளியே சறுக்குப் பலகைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிற ஓஸ்மோவின் குரல்:

"மத்தவங்க வக்கீல் வச்சுத் தப்பிப்பாங்க. நம்ம ஊர்ப் பொண்ணு துடைப்பத்துல ஏறிப் பறந்து தப்பிச்சுட்டா!"

நான்கு பேர் சிரித்தார்கள். ஈஸ்டர் பண்டிகைக்குப் பிள்ளைகள் வேஷம் போடுகிற சூனியக்காரியைப் போல, துடைப்பத்தில் ஏறி.

அன்று அவள் நாற்பது கிலோமீட்டர் ஓடினாள். திட்டத்தில் இருந்தது இருபத்தைந்து. ஒவ்வொரு மேட்டிலும் அந்தச் சிரிப்பு முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு மேட்டிலும் அதை உதறித் தள்ளினாள்.

'சிரிங்க' என்று நினைத்தாள். 'நூற்று நாற்பத்து மூணு குப்பி. ஒண்ணுகூட உங்களுக்குத் தலைகுனிவு தந்ததில்ல. நான் குன்றுல ஏறும்போது நீங்க வராட்டியும் நான் ஏறத்தான் போறேன்.'

*

போட்டி நாள் காலை சரியாக ஆறு மணிக்கு வீடே அதிர்ந்தது. யாரோ கதவை முஷ்டியால் இடித்தார்கள்.

எய்னோ காபிப் பானையோடு ஓடினார். வாசலில் ஓர் இளம்பெண், தோளில் சோதனைப் பெட்டி, மூக்கெல்லாம் சிவப்பு.

"ஏம்மா, கதவை உடைக்கவா வந்தே?"

"மன்னிச்சுக்குங்க ஐயா. புது உத்தரவு. வாசல்ல துடைப்பமே இருந்தாலும் பலமாத் தட்டணும்னு போட்டிருக்காங்க."

மாடிப்படியில் நின்ற ஹில்லா விழுந்து விழுந்து சிரித்தாள். "உள்ளே வா. நூற்று நாற்பத்து நாலு! வீட்டுலதான் இருக்கேன்னு பெரிசா எழுதிக்கோ."

எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். அப்பா கதவைச் சாத்தினார். புதுசாகக் கட்டிய துடைப்பத்தை எடுத்தார். சாய்க்கப் போனவர் கையை நிறுத்தி, திரும்பி மகளைப் பார்த்தார்.

"நான் வெளியதான் இருக்கேன் அப்பா. நல்லாப் பாத்துக்குங்க."

"பாத்துட்டேன்" என்று சாய்த்து வைத்தார்.

போட்டி நடக்கிற குன்றுத் தடத்துக்குக் காரில் இருபது கிலோமீட்டர் போக வேண்டும். வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. ஹில்லா மடியில் கையுறைகளை வைத்துக்கொண்டு மேடுகளை மனசுக்குள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தாள். அப்பா காரின் வேகத்தைக் குறைத்ததும்தான் நிமிர்ந்தாள்.

"என்னாச்சு?"

எய்னோ மோவாயால் காட்டினார்.

முதல் வீடு. கதவில் துடைப்பம்.

அடுத்த வீடு. துடைப்பம். அதற்கடுத்த மஞ்சள் வீட்டில், தொண்ணூறு வயதாகி வாசலையே தாண்டாத கிழவரின் வீட்டில், சின்னத் துடைப்பம் ஒன்று. பாதிரியார் வீட்டில், தையற்காரி வீட்டில், புகைபோக்கியில் புகையே இல்லாத எல்லா வீட்டிலும் கதவுக்குக் கதவு துடைப்பம் சாய்ந்து நின்றது. ஓஸ்மோவின் வீட்டில் துடைப்பம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பனி அள்ளும் பெரிய மண்வெட்டியைச் சாத்தி, குச்சிக் கட்டு ஒன்றை அதன் தலையில் கட்டி வைத்திருந்தான்.

பெட்ரோல் பங்க் வந்தது. ஹில்லாவுக்குத் தெரிந்து, கிறிஸ்துமஸ் அன்றுகூடச் சைமி அதை மூடியதில்லை. விளக்கு அணைந்திருந்தது. கண்ணாடிக் கதவில், எண்ணெய்க் கறை பெருக்குகிற நீளக் கைப்பிடித் துடைப்பம் சாய்ந்திருந்தது.

ஹொங்கவாராவில் வீட்டில் யாருமே இல்லை.

ஊர் எல்லையில், கோர்பிலாவுக்குத் திரும்புகிற முக்கில், ஒரு பழைய கார் அவர்களுக்கு முன்னால் குன்றுப் பக்கம் திரும்பியது. ஓட்டுகிறவரின் தலை குட்டையாக வெட்டியிருந்தது. பின்கண்ணாடி வழியாக ஒரு துடைப்பக் கட்டை தெரிந்தது.

"தொலோனென் வீட்டுத் துடைப்பம். சாத்தாம ஏன் தூக்கிட்டு வர்றாரு?" என்றாள் ஹில்லா.

"தடத்தோரமா நின்னு தூக்கிக் காட்ட" என்றார் எய்னோ. "கோர்பிலாவுல சாத்தினா உனக்கு எப்படித் தெரியும்?"

ஹில்லா கையுறைகளை மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக, இறுக்கமாக.

"அப்பா, கொஞ்சம் வேகமா ஓட்டுங்க" என்றாள். "ஊரே அங்க குளிர்ல நிக்குது."